கண்டியும் கட்டுனேரியவும்: இலங்கைப் பள்ளிக் கிரிக்கெட்டின் தீராத வழக்கு

இலங்கையில் ஒரு கிரிக்கெட் வீரரைப் பற்றிப் பேச்செடுப்போர் அவருடைய ஊரைக் கேட்பதற்கு முன்பே அவர் படித்த பள்ளியைக் கேட்பது பழக்கமாதலால், நாட்டின் கல்லூரிகளுள் எதனுடைய பழைய மாணவர் பள்ளியை விட்ட பின்னர் தொழில்முறை ஆட்டத்தில் மிகப் பெரிய வாழ்வைக் கண்டவர் என்னும் வாதமும் அங்கே தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்து வந்திருக்கிறது. கல்லூரி என்பது இலங்கை வழக்கில் பட்டப்படிப்புக்கான நிறுவனத்தையன்றி, பதினெட்டு, பத்தொன்பது வயது வரை மாணவர் பயிலும் பெரிய பள்ளியையே குறிக்கும். இந்த வாதத்தில் கொழும்பு, கண்டி, காலி ஆகிய நகரங்களின் பள்ளிகள் ஓயாமல் பெயர் பெறுகையில், வடமேல் மாகாணத்தின் புத்தளம் மாவட்டக் கரையோரம் அண்மைக்காலம் வரை அதில் வாய் திறக்க வழியின்றி இருந்தது. அந்த மௌனத்துக்குத் திறமைக் குறைவு காரணமன்று. பள்ளிகளின் வரலாறே காரணம்.

வாதத்தின் வேர் பெரும் போட்டி என்னும் வழக்கத்தில் இருக்கிறது. இரண்டு பள்ளிகள் ஆண்டுக்கொரு முறை பழைய மாணவர் திரளின் முன் மோதும் இந்தப் போட்டிகளுள் புகழ் மிக்கதான கொழும்பு றோயல் கல்லூரிக்கும் புனித தோமையார் கல்லூரிக்கும் இடையிலான ஆட்டம், 1880ஆம் ஆண்டிலிருந்து மாணவர் மட்டுமே ஆடும் போட்டியாக நடந்து வருகிறது. யாழ்ப்பாணத்தில் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும் சமர் 1904இல் தொடங்கியது. 1982 பெப்ரவரியில் இங்கிலாந்துக்கு எதிராக இலங்கை தன் முதல் டெஸ்ட் போட்டியில் இறங்கியபோது அணிக்குத் தலைமை தாங்கிய பந்துல வர்ணபுர நாளந்தாக் கல்லூரியின் பழைய மாணவர் என்பதை அந்தக் கல்லூரியினர் இன்றளவும் பெருமையோடு சொல்வர். அதற்குச் சற்று முன்பே, 1979இல், ஒப்சேவர் பத்திரிகை ஆண்டின் சிறந்த பள்ளி வீரருக்கான விருதைத் தொடங்கி, முதல் விருதை றோயல் கல்லூரியின் ரஞ்சன் மடுகல்லவுக்கு வழங்கியிருந்தது. இவ்வாறு பள்ளியும் தேசிய அணியும் ஒரே ஏணியின் படிகளாக அமைந்தமையால், மேற்படியில் நிற்பவரைக் கீழ்ப்படி தனக்குரியவராகக் கோரியது.

இதற்கு இணையான வாதம் அமெரிக்காவிலும் உண்டு. அங்கே ஃபுட்போல் எனப்படுவது நம்மவர் அறிந்த காற்பந்தன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் ஆட்டம் அது. பல்கலைக்கழக அணிகளில் ஆடுவோரைத் தொழில்முறை அணிகள் ஆண்டுதோறும் வரிசைப்படி தெரிவு செய்வதால், எந்தப் பல்கலைக்கழகத்தின் மாணவர் பின்னாளில் மிகச் சிறந்தவரானார் என்ற கேள்வி அங்கே ஓய்வதில்லை. ஏழு முறை சூப்பர் போல் எனப்படும் இறுதிப் போட்டியை வென்ற டொம் பிரேடி மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து 2000ஆம் ஆண்டில் 199ஆவது ஆளாகவே தெரிவு செய்யப்பட்டார். பந்தைப் பிடித்து முன்னேறிய தூரத்தில் 22,895 யார் என்னும் எவரும் நெருங்காத சாதனையை விட்டுச்சென்ற ஜெரி ரைஸ், மிசிசிப்பி வேலி ஸ்டேட் என்ற சின்னஞ்சிறு கருப்பினத்தவர் பல்கலைக்கழகத்திலிருந்து 1985இல் வந்தவர். பெரிய நிறுவனம் தன் கையிலிருந்தவரின் மதிப்பை முழுதும் அறியாமல் அனுப்பியதையும், சிறிய நிறுவனம் பெருவீரரை உருவாக்கியதையும் இவ்விரு வாழ்வுகளும் காட்டுகின்றன. இலங்கை வாதத்தைப் புரிந்துகொள்ளவும் இந்த வேறுபாடு உதவும்.

இலங்கையின் வழக்கில் முதன்மையாக எண்ணப்படுவோர் சிலரே. கண்டி திரித்துவக் கல்லூரி, தன் மிக உயர்ந்த விருதான ரைட் தங்கப் பதக்கத்தைப் பெற்ற குமார் சங்கக்காரவை முன்னிறுத்துகிறது. 134 டெஸ்ட் போட்டிகளில் 12,400 ஓட்டங்களையும் 38 சதங்களையும் குவித்த அவருக்கு நிகரான துடுப்பாட்ட வீரர் நாட்டில் தோன்றவில்லை. நாளந்தாக் கல்லூரியோ 11,814 டெஸ்ட் ஓட்டங்களைப் பெற்ற மஹேல ஜயவர்தனவைக் காட்டுவதோடு, 2006இல் தென்னாபிரிக்காவுக்கு எதிராக அவர் எடுத்த 374 ஓட்டங்களையும், அதே இன்னிங்ஸில் அவரும் சங்கக்காரவும் இணைந்து சேர்த்த 624 ஓட்டங்களையும் நினைவூட்டும். 1996 உலகக் கிண்ண இறுதியில் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் மூன்று விக்கெட்டுகளும் பெற்ற அரவிந்த டி சில்வா டி. எஸ். சேனாநாயக்க கல்லூரியையும், அதே தொடரின் சிறந்த வீரரான சனத் ஜயசூரிய மாத்தறை புனித சர்வேஷியஸ் கல்லூரியையும் சேர்ந்தவர்கள். எனினும், வாழ்நாள் சாதனையின் அளவே அளவுகோல் என்றால் வழக்கு நெடுநேரம் நிற்காது: 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள், 534 ஒருநாள் விக்கெட்டுகள் என்று உலகமே இன்றுவரை எட்டாத உச்சியில் முத்தையா முரளிதரன் நிற்கிறார், ஆகவே தீர்ப்பு கண்டி புனித அந்தோனியார் கல்லூரிக்கே உரியது.

அந்தத் தீர்ப்பை உறுதி செய்வது எண்ணிக்கை மட்டுமன்று. பள்ளியில் மிதவேகப் பந்து வீசிக்கொண்டிருந்த முரளிதரனைப் பதினான்கு வயதளவில் சுழற்பந்துக்கு மாறுமாறு தூண்டியவர் அந்தப் பள்ளியின் பயிற்றுநர் சுனில் பெர்னாண்டோ. 1991இல் சிறந்த பள்ளி வீரருக்கான விருதைப் பெற்ற மாணவர் மறு ஆண்டே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக டெஸ்ட் ஆடினார். ஒரு பள்ளி தன் மாணவரின் தொழில் வாழ்வில் உரிமை கோருவதற்கு இதைவிட வலுவான ஆதாரம் இருக்க முடியாது, ஏனெனில் இங்கே பள்ளி வீரருக்குப் பெயரை மட்டும் தரவில்லை, கலையையே தந்தது.

இனிக் கரையோரத்துக்கு வரலாம். தெற்கே மா ஓயாவிலிருந்து வடக்கே கலா ஓயாவுக்கும் அப்பால் வரை நீளும் இந்தக் கரையில் வென்னப்புவ, மாரவில, சிலாபம் முதலிய ஊர்களைச் சுற்றிக் கத்தோலிக்க மீனவர் ஊர்களும் தென்னந்தோப்புகளும், உடப்பில் தமிழ்ச் சைவரின் பழங்குடியிருப்பும், புத்தளம், கற்பிட்டி ஆகியவற்றில் தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்களும், பாலாவிப் பக்கத்தில் உப்பளங்களும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. 1939இல் சிலாபம் தனி மறைமாவட்டமாவதற்கு முன்பும் பின்பும் இங்கே பள்ளிகளைக் கட்டியெழுப்பியோரில் கத்தோலிக்கத் திருச்சபையினர் முன்னின்றனர். சிலாபம் புனித மரியாள் கல்லூரி, வென்னப்புவ யோசேவ் வாஸ் கல்லூரி போன்றவை அந்த மரபில் வந்தவை.

1960, 1961ஆம் ஆண்டுகளில் அரச உதவி பெற்ற சமயப் பள்ளிகளை அரசு பொறுப்பேற்ற சட்டங்கள் இந்த வரலாற்றின் திருப்புமுனையாயின. கத்தோலிக்கர் செறிந்து வாழ்ந்த பகுதிகளில் பெற்றோர் பள்ளிக் கட்டடங்களுக்குள்ளேயே தங்கியிருந்து எதிர்ப்புத் தெரிவித்ததும், பம்பாய்ப் பேராயர் கர்தினால் கிராசியஸ் வந்து இணக்கம் காண உதவியதும் அக்காலச் செய்திகள். கொழும்பு, கண்டி ஆகிய நகரங்களின் பெரிய சமயப் பள்ளிகள் சில அரச உதவியைத் துறந்து தனியார் பள்ளிகளாக நீடிக்க, கரையோரப் பங்குகளின் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசின் கைக்கு மாறின. எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமற்ற கல்வி உறுதியானதில் பெரும் நன்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் பழைய மாணவரின் பணத்தால் புற்றரை ஆடுகளமும் முழுநேரப் பயிற்றுநரும் வைத்திருக்கக்கூடிய பள்ளிக்கும், அரச ஒதுக்கீட்டை மட்டுமே நம்பிய பள்ளிக்கும் இடையிலான இடைவெளி அன்றிலிருந்து அகன்றுகொண்டே போயிற்று என்றே கொள்ள வேண்டும். முரளிதரனின் புனித அந்தோனியாரும் சங்கக்காரவின் திரித்துவமும் தனியார் பள்ளிகளாகவே நின்றவை என்பது தற்செயலன்று.

கடினபந்துக் கிரிக்கெட், அதாவது தோலால் மூடிய பந்தில் ஆடும் முறையான ஆட்டம், செலவு மிக்கது. கால்காப்பும் கையுறையும் தலைக்கவசமும் வேண்டும். உருளையிட்டுப் பேணிய ஆடுகளம் வேண்டும். போட்டிக்கு எதிரணியும் வாகனமும் வேண்டும். ஆகையால் கரையோர இளைஞர் பெரும்பாலும் டெனிஸ் பந்தில் ஆடும் மென்பந்துக் கிரிக்கெட்டிலேயே வளர்ந்தனர்; கடற்கரை மணலிலும் தோப்பின் இடைவெளியிலும் ஆடக்கூடிய அந்த ஆட்டம் வேகப்பந்து வீசும் கையைப் பழக்கினாலும், தெரிவாளரின் கண்ணில் படுவதில்லை. மாவட்டத்தின் வடபகுதியில், குறிப்பாகப் புத்தளம் நகரிலும் கற்பிட்டியிலும், காற்பந்தே ஊரின் உயிராக இருந்து வந்திருக்கிறது. ஆனால் இலங்கைக் காற்பந்து கிரிக்கெட்டைப் போல முழுமையான தொழிலாக வளராமையால், அங்கிருந்து எழுந்த திறமைசாலிகளுக்குக் கொழும்புக் கழகங்களும் முப்படை அணிகளுமே உயர்ந்த இலக்காயின. அவர்களை நிறுத்து ஒப்பிடுவதற்கு ஓட்டம், விக்கெட் போன்ற நிலையான கணக்கும் இல்லை.

கரையை ஒட்டிய குருநாகல் மாவட்டம் இந்த இடத்தில் கவனத்துக்குரியது. சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கர கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் ஊரகப் பிள்ளைகளுக்காகப் பெருகிய மத்திய கல்லூரி என்னும் பள்ளி வகையைச் சேர்ந்த நாரம்மல மயூரபாத மத்திய கல்லூரியிலும், பின்னர் குருநாகல் மலியதேவ கல்லூரியிலும் பயின்றவர் ரங்கன ஹேரத். 1999இல் டெஸ்டில் அறிமுகமான பிறகு முரளிதரனின் நிழலில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, 2009இல் இங்கிலாந்தில் கழக ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது காலிப் போட்டிக்கு அழைக்கப்பட்டு, 2018இல் ஓய்வு பெறும்போது 433 விக்கெட்டுகளை எட்டியிருந்தார்; இடதுகைச் சுழற்பந்து வீச்சாளர் வேறெவரும் அந்த எண்ணிக்கையை அணுகியதில்லை. பள்ளியின் வசதியையும் வீரரின் உயரத்தையும் ஒருசேர வைத்து அளப்பதே நேர்மை என்றால், ஹேரத்தின் நாரம்மலவுக்கு இந்த வாதத்தில் இப்போது கிடைப்பதைவிடப் பெரிய இடம் உரியது.

கரையோரத்துக்கு வாயில் திறந்தது பள்ளியைவிடக் கழகமே. பெயரிலேயே மரியாளைத் தாங்கிய சிலாபம் மேரியன்ஸ் கிரிக்கெட் கழகம், நாட்டின் முதல்தரப் போட்டிகளில், அதாவது டெஸ்டுக்கு அடுத்த நிலையிலான பல நாள் ஆட்டங்களில், கொழும்பின் பழம்பெரும் கழகங்களோடு சமமாக நின்று 2017-18 பருவத்தின் பிரிமியர் பட்டத்தையும் வென்றது. அதன் ஆட்டங்கள் பல மாவட்ட எல்லைக்குத் தெற்கே கட்டுநாயக்கவில் நடந்தன என்பதும், அதில் ஆடியோர் எல்லோரும் கரையோரத்தவர் அல்லர் என்பதும் உண்மையே. ஆனாலும் சிலாபம் என்னும் பெயர் முதல்தர அட்டவணையில் இருந்ததே கரையோரப் பள்ளியில் கடினபந்தைத் தொட்ட மாணவருக்கு அடுத்த படி எங்கே என்பதைக் காட்டியது.

அந்தப் படியில் ஏறியவர்களுள் மாரவிலையை அடுத்த கட்டுனேரியவில் 1997இல் பிறந்து, அங்குள்ள புனித செபஸ்தியார் கல்லூரியில் பயின்ற அசித்த பெர்னாண்டோ முதன்மையானவர். 2016இல் பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணத்தில் ஆடி, அதே ஆண்டு சிலாபம் மேரியன்ஸுக்காக முதல்தர ஆட்டத்தில் இறங்கிய இந்த வேகப்பந்து வீச்சாளர், 2017இல் ஒருநாள் அணிக்கும் 2021 ஜனவரியில் ஜொகனஸ்பேர்க்கில் டெஸ்ட் அணிக்கும் வந்தார். 2024இல் லோர்ட்ஸ் மைதானத்தில் ஒரே இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் வீழ்த்தி அங்குள்ள சாதனைப் பலகையில் இடம்பெற்றதைவிடவும், 2022 மே மாதம் மிர்பூரில் பங்களாதேஷுக்கு எதிராக அவர் பெற்ற பத்து விக்கெட்டுகளே இந்த வழக்குக்கு நெருக்கமானவை. ஒரு டெஸ்டில் பத்து விக்கெட் வீழ்த்திய இலங்கை வேகப்பந்து வீச்சாளர் அதுவரை சமிந்த வாஸ் ஒருவரே. 1995இல் நேப்பியரில் அவர் பெற்ற பத்து விக்கெட்டுகள் இலங்கைக்கு வெளிநாட்டு மண்ணில் முதல் டெஸ்ட் வெற்றியைத் தந்தன. 355 டெஸ்ட் விக்கெட்டுகளோடு முடிந்த வாஸின் வாழ்வோடு, இன்னும் நடந்துகொண்டிருக்கும் அசித்தவின் வாழ்வை ஒப்பிடுவது பொருந்தாது. ஆனால் அந்தச் சிறு பட்டியலில் மட்டும், நூற்றாண்டு கடந்த தனியார் பள்ளியான கொழும்பு புனித சூசையப்பர் கல்லூரிக்கு அடுத்த வரியில் கட்டுனேரிய புனித செபஸ்தியார் கல்லூரி எழுதப்பட்டது.