சகனாவின் ஏற்றமும் தளர்ச்சியும்

பொதுநன்மைக்குரிய ஒன்றை ஆக்குதலினும் அதனைப் பேணிக் காத்தல் அரிது. இலங்கையின் வறண்ட நிலப்பகுதிக் குளங்களின் வரலாறு இவ்வுண்மைக்குத் தக்க சான்றாகும். குளக்கட்டைத் திருத்துதலும் வாய்க்காலைத் துப்புரவாக்குதலும் முற்காலத்தில் ஊரவர் யாவருக்கும் பொதுக் கடமைகளாக இருந்தன. 1832ஆம் ஆண்டில் ஆங்கில அரசினர் இராசகாரிய முறையை ஒழித்தனர். கட்டாய ஊழியம் ஒழிந்தமை நன்றே; ஆயின், பொதுப்பணிக்கு மக்களை ஒன்றுகூட்டும் ஏற்பாடும் அதனோடு தளர்ந்தமையால் சிறு குளங்கள் பல தூர்ந்து போயின. 1856ஆம் ஆண்டில், தேசாதிபதி சர் ஹென்றி வாட் காலத்தில் இயற்றப்பட்ட நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டமே பழைய ஊர் வழக்குகளுக்கு மீண்டும் வலுவளித்தது. கணினிக் காலத்தில் கொழும்பிலே தோன்றிய சகனா என்னும் மென்பொருளின் வரலாறும் இத்தகையதே.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் தேதி எழுந்த கடற்கோள், இலங்கையில் 30,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. எஞ்சியோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் விகாரைகளிலும் தஞ்சம் புகுந்தனர். பிள்ளையைத் தேடிய தாய் எந்த முகாமுக்குச் செல்வதென அறியாது அலைந்தாள். ஓரிடத்தில் உணவும் உடையும் குவிந்து கிடக்க, மற்றோரிடத்தில் குடிநீரும் இல்லை. கருணையுள்ளங்கட்கு அன்று குறைவில்லை. யார் எங்குள்ளார், எவர்க்கு எது வேண்டும் என்னும் செய்தியை ஒருங்குதிரட்டும் வழியே இல்லாதிருந்தது.

இக்குறையை நீக்கக் கொழும்பிலிருந்த கணினி வல்லுநர் சிலர் சில நாள்களுக்குள்ளே முன்வந்தனர். திறந்த மூல மென்பொருளாக்கத்தை இலங்கையில் வளர்க்கும் நோக்குடன் முன்னரே நிறுவப்பட்டிருந்த லங்கா மென்பொருள் மன்றம் அவர்களுக்கு நிலைக்களமாயிற்று. பல நிறுவனங்களைச் சேர்ந்தோர் ஊதியம் கருதாது இரவு பகலாக உழைத்தனர். இவ்வாறு உருவாகிய மென்பொருளுக்கு, சிங்களத்தில் 'நிவாரணம்' எனப் பொருள்படும் 'சகன' என்ற சொல்லே பெயராயிற்று. காணாமற்போனோர் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, தேவையையும் உதவியையும் இணைக்கும் ஏடு ஆகிய நான்கும் அதன் முதன்மை உறுப்புகளாம். அரசு அமைத்த தேசிய நடவடிக்கை நிலையத்தின் பணிக்கு அது பயன்பட்டது.

அவசரத்திற் கட்டிய குடிசையை நிலைத்த வீடாக்குதல் அடுத்த பணியாயிற்று. 2005ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு அபிவிருத்தி உதவியுடன் சகனா மீண்டும் எழுதப்பட்டது. எந்நாட்டினரும் விலையின்றிப் பெற்றுத் தத்தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளும் உரிமையோடு அது வெளியிடப்பட்டது. அவ்வாண்டு அக்டோபரில் பாக்கித்தானில் நிலம் அதிர்ந்தபோது அது அங்கே பயன்படுத்தப்பட்டது. 2006இல் பிலிப்பைன்சு மண்சரிவின்போதும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்தின்போதும், 2007இல் பெரு நாட்டிலும், 2008இல் சீனத்தின் சிச்சுவான் மாநிலத்திலும் அது உதவிற்று. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நன்மைக்கென வழங்கும் பரிசு, 2006ஆம் ஆண்டுக்குச் சகனாவுக்கு அளிக்கப்பட்டது. பிற நாடுகளிலிருந்து மென்பொருளைப் பெற்றுப் பழகிய இச்சிறு தீவு, தான் ஆக்கியதொன்றை உலகுக்கு ஈந்தமை பெருமைக்குரிய செய்தியன்றோ!

எனினும், ஏற்றத்தின் உள்ளேயே தளர்ச்சியின் வித்தும் இருந்தது. 2009ஆம் ஆண்டில் சகனா மென்பொருள் அறக்கட்டளை ஐக்கிய அமெரிக்காவில் நிறுவப்பட்டது. இதனால் உலகத் தொடர்பு விரிந்தது. பணியின் நடுவிடம் கொழும்பை விட்டு மெல்ல அகன்றது. மென்பொருளும் கிளைகளாகப் பிரிந்தது. அகத்தியர் பெயரை நினைவூட்டும் 'அகஸ்தி' என்னும் கிளை பி.எச்.பி. என்ற பழைய மொழியிலேயே தொடர்ந்தது. 'ஈடன்' என்பது பைதன் மொழியிற் புதிதாக எழுதப்பட்டது. 2010ஆம் ஆண்டு ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது ஈடன் பயன்பட்டு வளர்ந்தது. ஒன்றைப் பேணுதற்கே போதாத கைகள் இரண்டைப் பேண நேர்ந்தமையால் பழைய கிளை நாளடைவில் வாடியது.

மற்றொரு காரணம் மனித இயல்பைச் சார்ந்தது. பேரிடர் நேரும்போது உள்ளம் உருகித் திரளும் தொண்டர், நீர் வடிந்தபின் தத்தம் தொழிலுக்குத் திரும்புகின்றனர். அடுத்த இடரின்போது வேறொரு குழு எழுகின்றது. அது பழையதைத் திருத்துவதினும் புதியதொன்றை ஆக்குதலையே விரும்புகின்றது. 2008இல் கென்யாவில் 'உசாகிதி' தோன்றியது. ஹெயிட்டி நிலநடுக்கத்தை ஒட்டிக் கூகிள் நிறுவனமும் ஆள் தேடுதற்கெனத் தனியொரு கருவியை ஆக்கியது. அவை பயனற்றவை என்பதன்று. ஆக்குவோர் பலராயிருக்கக் காப்போர் சிலராயினர் என்பதே கருதத்தக்கது.

இவற்றோடு காலமும் தன் கடமையைச் செய்தது. மென்பொருள் கல்லிற் பொறித்த சாசனம் அன்று. எழுதிய எழுத்து மாறாதிருப்பினும், அது ஊன்றி நிற்கும் நிலம் மாறுகின்றது. ஈடன் எழுதப்பட்ட பைதன் மொழியின் இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020ஆம் ஆண்டு சனவரி முதலாந் தேதியுடன் முடிவுற்றது. ஈடனைப் புதிய பதிப்புக்கு ஏற்பத் திருத்த வேண்டியதாயிற்று. அத்திருத்தத்தைச் செய்தோர் மிகச் சிலரே. இத்தகைய உழைப்புக்குப் பரிசும் இல்லை, பத்திரிகைப் புகழும் இல்லை. குளக்கட்டில் ஒரு கூடை மண்ணிடுபவனைப் பாடிய புலவர் எத்துணைப் பேர்?

இனிச் சகனா மறுமலர்ச்சி பெறுதல் கூடுமோ எனின், கூடும் என்றே கொள்ளலாம். அதன் மூலநிரல் யாவர்க்கும் உரியதாக இன்றும் உள்ளது. தனியொருவர் மறைவாலோ ஒரு நிறுவனத்தின் வீழ்ச்சியாலோ அவ்வுரிமை அழிவதில்லை. கூகிள் நிறுவனத்தின் கோடைகாலத் திட்டத்தின்வழி முற்காலத்தில் மாணவர் பலர் சகனாவுக்கு உழைத்துள்ளனர். அத்தகைய உழைப்பு கோடையோடு நில்லாது ஆண்டுதோறும் தொடரும் கடமையாதல் வேண்டும். பல்கலைக்கழகக் கணினித் துறைகள் இதனைப் பயிற்சிப் பணியாக ஏற்கலாம். சிங்களத்திலும் தமிழிலும் பிழையின்றி இயங்குமாறு அதனைச் செப்பஞ்செய்தல் வேண்டும். தேடுவோன் தன் மொழியிற் பெயரை எழுதவியலாத பதிவேட்டாற் பயன் யாது? வெள்ளம் வருமுன், அமைதிக் காலத்திலேயே மாவட்டந்தோறும் அதனை இயக்கிப் பழகுதலும் இன்றியமையாதது.

2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வீசிய டித்வா சூறாவளியின் வெள்ளமும் மண்சரிவும் இந்நாட்டிற் பல நூறு உயிர்களைக் கொண்டன. உறவினரைக் காணாது தவித்தோரின் வினா, 2004இல் எழுந்த அதே வினாவாகும். அவ்வினாவுக்கு விடைகாணும் கருவியொன்றை உலகுக்கு அளித்த நாடு, ஒவ்வோர் இடரின் பின்னும் முதலிலிருந்து தொடங்குதல் வேண்டுவதில்லை. ஊற்றெடுத்த இடத்திலேயே அது வற்றிப்போகாமற் காத்தல் அடுத்த தலைமுறையின் கடன். மழையில்லாக் காலத்திற் கட்டைக் காத்த ஊரே மழைக்காலத்தில் நீரைக் காத்தது.