பிழை சொல்லும் நேரம்

தரவுகள் துளையட்டைகளில் பதியப்பட்ட காலத்தில், ஒருவர் துளையிட்ட அட்டையை ஐபிஎம் 056 போன்ற சரிபார்ப்பு எந்திரத்தில் செருகி, மூல ஆவணத்தைப் பார்த்து மற்றொருவர் மறுபடியும் தட்டச்சிடுவது வழக்கம். தட்டிய எழுத்தும் அட்டையிலுள்ள துளையும் ஒத்துப்போகாவிட்டால் விசைப்பலகை பூட்டிக்கொள்ளும். மூன்றாம் முறையும் ஒவ்வாவிட்டால் அந்த எழுத்துக்கு நேர் மேலே அட்டையின் விளிம்பில் ஒரு சிறு வெட்டு விழும். பிழையைச் செய்தவரோ அதற்குள் வேறொரு கட்டு அட்டைகளில் மூழ்கியிருப்பார்.

1971இல் வந்த ஐபிஎம் 3270 முனையம், அதாவது பெருங்கணினியோடு இணைந்த திரையும் விசைப்பலகையும், நிரப்பியவற்றை என்டர் விசையை அழுத்திய பிறகே மொத்தமாக அனுப்பியது. 1995 நவம்பரில் வெளியான எச்டிஎம்எல் 2.0 வரையறையில் இடம்பெற்ற இணையப் படிவமும் ஏறத்தாழ இதே வழியில்தான் நடந்தது: படிவம் வழங்கிக்கு, அதாவது தளத்தை நடத்தும் தொலைக்கணினிக்குப் போய், பிழைப்பட்டியலோடு திரும்பி வரும்வரை பயனர் காத்திருந்தார்.

பிரெண்டன் ஐக் 1995இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கிய ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல்மொழி, பிழை பார்க்கும் இச்சோதனையை உலாவிக்குள்ளேயே கொண்டுவந்தது. ஐபிஎம்மின் ஹான்ஸ் பீட்டர் லூன் கையடக்கக் கருவி ஒன்றுக்காக வகுத்து, 1954இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த இலக்கச் சோதனை முறையும் இதில் புதுவாழ்வு பெற்றது. இம்முறைப்படி கடன் அட்டை எண்ணின் கடைசி இலக்கம் மற்ற இலக்கங்களிலிருந்து கணிக்கப்படுவதால், வங்கியைக் கேட்காமலேயே தட்டச்சுப் பிழைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடித்துவிடலாம். ஆயினும் தொடக்ககாலப் படிவங்கள் பிழையை எச்சரிக்கைப் பெட்டியாகத் திரையின் நடுவில் எழுப்பி, அதை மூடும்வரை பயனரை நகரவிடாமல் தடுத்தன. விரைவு வந்துவிட்டது, பக்குவம் வரவில்லை என்றே சொல்ல வேண்டும்.

அப்பக்குவத்தை ஆராய்ந்தவர்களுள் லூக் ரோப்லெவ்ஸ்கி குறிப்பிடத்தக்கவர். 22 பேரை மட்டுமே கொண்டு அவர் 2009இல் வெளியிட்ட சிறிய ஆய்வில், ஒரு கட்டத்தை நிரப்பி முடித்து நகர்ந்த பின் அதனருகிலேயே குறிப்புக் காட்டிய படிவம், இறுதியில் மட்டும் பிழை சொன்ன படிவத்தைவிட 42 விழுக்காடு குறைந்த நேரத்தில் நிரப்பப்பட்டது. எழுதி முடிக்கும் முன்பே பிழை என்று குறுக்கிட்ட படிவமோ எரிச்சலூட்டியது. தம் பெயரை எழுதியதும் பக்கத்தில் தோன்றிய பச்சைச் சரிக்குறி சிலரைக் குழப்பியது. அவர்களுடைய பெயர் இன்னதென்று அறியும் வழியே இல்லாத படிவம், எதைச் சரி என்று சொல்கிறது என்பது அவர்களுக்கு விளங்கவில்லை.