ஒரே வாங்கில் அமர்ந்த பின்னரும்

யாழ்ப்பாணத்தின் கல்விப் பெருமையைப் பேசும்போது கல்லூரிகளின் பெயர்களையும் அவற்றை நிறுவிய பெரியோர்களின் பெயர்களையும் அடுக்கிச் செல்கிறோம். அந்த வகுப்பறைகளில் யார் எங்கே இருத்தப்பட்டார்கள் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறோம். மற்றவர்கள் வாங்கில் அமர்ந்திருக்க, ஒடுக்கப்பட்ட சமூகங்களின் பிள்ளைகள் நிலத்தில் இருந்து படித்த காலம் ஒன்று இருந்தது.

அரசாங்க நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற உத்தரவு 1929 இல் வந்தது. எதிர்ப்பு மனுக்களோடு நிற்கவில்லை. 1930 இல் குடாநாட்டில் பல பாடசாலைகள் தீக்கிரையாக்கப்பட்டன.

அந்த உத்தரவு வந்தபோது டொமினிக் ஜீவா இரண்டு வயதுக் குழந்தை. முடிதிருத்தும் தொழில் செய்யும் குடும்பத்தில் 1927 இல் பிறந்தவர் அவர். பின்னர் பாடசாலைக்குச் சென்ற அந்தச் சிறுவனை, ஆசிரியர் ஒருவர் குலத்தொழிலைச் சுட்டி அவமதித்தார். அத்துடன் அவரது பள்ளிப்படிப்பு முடிந்தது. ஆசனம் சமமாகிவிட்டது, ஆசிரியரின் எண்ணம் சமமாகவில்லை. இந்தப் பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்ற முடிவை, பாடம் தொடங்குமுன்னரே அவர் எடுத்துவிட்டார். அந்தச் சிறுவனே 1966 இல் 'மல்லிகை' இதழைத் தொடங்கி, நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நடத்தினார் என்பதை நாடறியும்.

பிறந்த சூழலே ஆசிரியரின் நடத்தையை முற்றாகத் தீர்மானிக்கிறது என்று இதிலிருந்து கொள்வதும் தவறு. 1924 இல் உருவான யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் முன்னணியில் நின்ற பலர் வசதியான இடத்தில் பிறந்து படித்தவர்களே. அவர்களுள் ஒருவரான ஹண்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியர். அந்த இயக்கம் சம ஆசனத்துக்கும் சம போசனத்துக்கும் குரல் கொடுத்தது. தம்முடைய சமூகம் கற்பித்ததை மறுபரிசீலனை செய்யும் துணிவு அவர்களுக்கு இருந்தது.

1945 இல் இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது. சாதியின் பெயரால் உரிமை மறுப்பதை 1957 ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. எனினும், பத்திரிகைப் பணியில் நான் சந்தித்த முதியவர்கள் பலர் சட்டங்களை நினைவுகூரவில்லை. தங்களை இகழ்ந்த ஓர் ஆசிரியரையோ, தட்டிக்கொடுத்த ஓர் ஆசிரியரையோதான் நினைவுகூர்ந்தார்கள்.

புதிதாக வந்த பிள்ளையிடம் பெயரைக் கேட்டபின், 'எந்தக் குறிச்சி?' என்று கேட்கும் ஆசிரியர், எதை அறிவதற்காக அதைக் கேட்கிறார் என்பதைத் தமக்குள் விசாரித்துக்கொள்ளட்டும். அந்த விசாரணையை எந்தச் சட்டமும் அவருக்காகச் செய்துதர முடியாது.