பறையும் கிதாரும்

அம்பத்தூரிலிருந்து சென்டிரலுக்குக் காலை எட்டு மணி வண்டியில் போகிறவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். அந்தக் கூட்டத்தில் யாரும் யாருக்கும் அந்நியரல்ல. ஒருவர் முழங்கை இன்னொருவர் விலாவில் இருக்கும்போது அந்நியம் பாராட்டுவது எப்படி? 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு நாள், அப்படி என் விலாவில் முழங்கையை வைத்திருந்த இளைஞன் ஒருவன், தன் காதிலிருந்த ஒலிக்கருவிகளில் ஒன்றைக் கழற்றி என்னிடம் நீட்டினான். எங்கள் தெருவுக்குப் பின்னால், தொழிற்பேட்டையை ஒட்டிய லேத் பட்டறையில் வேலை செய்கிற பையன். நான் கதை எழுதுகிறவன் என்பது அவனுக்குத் தெரியும்.

"கேட்டுப் பாருங்க சார். நம்ம பக்கத்து ஆளுங்க செஞ்சது."

கேட்டேன். பறை ஒலித்தது. அதனோடு கிதார் ஒலித்தது. அவற்றின் மேல் ஒரு குரல், கானாப் பாட்டின் இழுப்போடு ஆரம்பித்து, பிறகு வார்த்தைகளை மூச்சுவிடாமல் கொட்டியது. வில்லிவாக்கம் வரையில் கேட்டுவிட்டுக் கருவியைத் திருப்பிக் கொடுத்தேன்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது சங்கீதமா, பிரசாரமா என்றுதான் தெரியவில்லை" என்றேன்.

அவன் சிரித்தான். கோபப்படவில்லை. அந்தச் சிரிப்புத்தான் இந்தக் கட்டுரையை என்னை எழுத வைத்தது.

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் குழுவின் பெயர் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்'. சினிமா டைரக்டர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும், தென்மா என்ற இசைக் கலைஞரின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து உருவாக்கியது. 2018 ஜனவரி 6-ஆம் தேதி கீழ்ப்பாக்கத்தில் ஒரு மைதானத்தில் அவர்களுடைய முதல் கச்சேரி நடந்தது. பத்தொன்பது பேர் மேடையில் நின்றார்கள். கானா பாடுகிறவர்கள், பறை அடிப்பவர்கள், கிதார் வாசிப்பவர்கள், பேச்சுப் பாட்டுப் பாடுகிறவர்கள். அத்தனை பேரிலும் ஒரே பெண் இசைவாணி. பின்னாளில், 2020-இல், பி.பி.ஸி. நிறுவனம் உலகின் நூறு பெண்கள் வரிசையில் அவருடைய பெயரைச் சேர்த்தது. அன்று எல்லோரும் கோட்டும் சூட்டும் அணிந்து நின்றார்கள். அம்பேத்கரின் உடையை நினைவுபடுத்துவதற்காகத்தான் அது என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"நம்ம பக்கத்து ஆளுங்க" என்று பையன் சொன்னது வெறும் பெருமைப் பேச்சு அல்ல. ரஞ்சித் பிறந்தது ஆவடியை அடுத்த கரலப்பாக்கம். குழுவில் எழுதிப் பாடிய அறிவு அரக்கோணத்துக்காரர். அதாவது, நாங்கள் நின்றுகொண்டிருந்த அந்த ரயில் பாதையின் நடுவே ஒருவருடைய ஊர். அதன் மறுகோடியில் மற்றவருடைய ஊர். தென்னிந்தியாவில் 1856-இல் முதன்முதலாக ரயில் ஓடியதும் இதே வழியில்தான், ராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில்.

குழுவின் பெயருக்கும் ஒரு பூர்வ கதை உண்டு. அயோத்திதாச பண்டிதர் என்ற பெயரைப் பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. 1845-இல் பிறந்து 1914-இல் மறைந்தவர்; சித்த வைத்தியர்; தமிழ்ப் பண்டிதர்; பௌத்தத்தைத் தழுவியவர். 1907-இல் ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகையை நடத்தினார். விலை பெயரிலேயே இருக்கிறது! ஜனத்தொகைக் கணக்கு எடுக்கும்போது தம் மக்களைச் 'சாதி பேதமற்ற திராவிடர்' என்று பதிய வேண்டும் என்று வாதாடியவர் அவர். அந்தச் சொல்தான் நூறு ஆண்டுகள் கழித்து ஆங்கில உடை போட்டுக்கொண்டு ஒரு பாட்டுக் கோஷ்டியின் பெயராக வந்து நிற்கிறது.

சரி, எங்கள் தெருவில் இந்தப் பாட்டுகளை எப்படிக் கேட்டார்கள்?

எதிர்வீட்டில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இருக்கிறார். தமிழ் வாத்தியாராக இருந்து உயர்ந்தவர். அவர் சொன்னார்: "பாட்டிலே சுவை இருக்க வேண்டும் ஐயா. கோரிக்கை இருந்தால் அது மனு. மனுவைத் தாலுகா ஆபீசில் கொடுக்கலாம், மேடையில் பாடலாமா?"

என் மனைவியின் அபிப்பிராயம் வேறு. "அந்தப் பொண்ணு குரல் நல்லாருக்கு. மத்தவங்க எல்லாரும் ஏன் இவ்வளவு கோவமா இருக்காங்க?" என்றாள். பிறகு தானே, "கோவம் வராம என்ன செய்யும்" என்றும் சொல்லிக்கொண்டாள்.

நான் எதிர்பாராத ஆட்சேபம் ஒன்று, பாடி பக்கத்து டீக்கடையில் கிடைத்தது. அங்கே வருகிற பெரியவர் ஒருவர், வாலிபத்தில் சாவு வீடுகளில் கானா பாடியவர். டேப்பும் கட்டமுழமும் தவிர வேறு பக்கவாத்தியம் அறியாதவர். "கிதார் எதுக்கு சார்? ராத்திரி முழுக்கப் பொணத்துக்குப் பக்கத்துல உக்காந்து, அழுவுறவங்களுக்குத் துணையா பாடறது கானா. இது அரை மணியில எறங்கிப் போற கச்சேரி. பசங்க நல்லாத்தான் பாடுறானுங்க. ஆனா இதுக்கு வேற பேரு வையுங்க" என்றார்.

ஆக, தலைமையாசிரியருக்கு அது போதுமான அளவு சங்கீதமாக இல்லை. டீக்கடைப் பெரியவருக்கோ அது போதுமான அளவு கானாவாக இல்லை. ஒரே பாட்டு, இரண்டு பக்கத்திலிருந்தும் அடி வாங்குகிறது.

இது புதிதா என்றால், இல்லை. நம் நாட்டுச் சங்கீத சரித்திரத்தில் புதிய ஓசை எது வந்தாலும் இதே வழக்கு நடந்திருக்கிறது. 1940-இல் அகில இந்திய ரேடியோ ஆர்மோனியத்தை விலக்கி வைத்தது. அந்த வாத்தியத்தின் சுரங்கள் கட்டையில் அறைந்தவை, கமகம் பேசாது, ஆகவே நம் இசைக்கு ஆகாது என்பது காரணம். அந்த விலக்கைத் தளர்த்த 1971 வரையில் ஆயிற்று. நாடக மேடையிலும் பஜனை மடத்திலும் மட்டும் ஆர்மோனியம் ஒரு நாள்கூட நிற்கவில்லை.

1941-இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடிற்று. கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று ராஜா சர். அண்ணாமலைச் செட்டியார் முன்னின்று கேட்டார். கல்கி பத்திரிகையில் எழுதி எழுதி வாதாடினார். எதிர்த்தவர்கள், "தமிழ் வேண்டாம்" என்று சொல்லவில்லை. "சங்கீதத்தின் தரம் தாழ்ந்துவிடக் கூடாது" என்று சொன்னார்கள். 1943-இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. தரத்துக்கு ஆபத்து ஒன்றும் வந்துவிடவில்லை.

அப்புறம் 1952-இல் கேஸ்கர் ரேடியோ இலாகாவுக்கு மந்திரியானார். சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறது என்பது அவர் கட்சி. வானொலியில் சினிமாப் பாட்டு மங்கியது. ஜனங்கள் என்ன செய்தார்கள்? முள்ளைத் திருப்பி இலங்கை ரேடியோவைக் கேட்டார்கள். 1957-இல் அரசாங்கமே விவித் பாரதியை ஆரம்பிக்க நேர்ந்தது.

கடல் கடந்தும் இதே கதைதான். 1965 ஜூலையில் அமெரிக்காவில் நியூபோர்ட் நாட்டுப்பாடல் விழாவில் பாப் டிலன் மின்சாரக் கிதாரோடு மேடை ஏறினார். கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சல் போட்டது. நாட்டுப் பாட்டை மின்சாரம் கெடுத்துவிட்டதாம்! எங்கள் டீக்கடைப் பெரியவருக்கு நியூபோர்ட்டில் சகோதரர்கள் இருந்திருக்கிறார்கள்.

இந்த வழக்குகளை எல்லாம் அடுக்கிப் பார்த்தபோது எனக்கு ஒன்று புலப்பட்டது. சொல்லப்படுகிற காரணம் பல சமயம் உண்மையாகவே இருக்கிறது. ஆர்மோனியம் கமகம் பேசாது என்பது உண்மைதான். ஆனால், உண்மையான காரணம் ஒன்று. நம்மை உள்ளூர உந்துகிற காரணம் வேறொன்றாக இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதே அளவுகோலை மற்ற இடத்திலும் வைக்கிறோமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"சங்கீதமா, பிரசாரமா?" என்று நான் கேட்டேன் அல்லவா? பாரதியின் தேசிய கீதங்கள் என்ன? 1928-இல் அரசாங்கம் அவர் பாட்டுப் புத்தகங்களைப் பறிமுதல் செய்தது. பிரசாரம் என்று பயந்துதானே செய்தது? அந்தப் பாட்டுகளை என் பெண் பள்ளிக்கூடத்தில் பாடியபோது நான் கண் கலங்கிக் கேட்டேன். மனு என்று எனக்குத் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? அந்த மனுவில் என் கையெழுத்தும் இருந்தது. இந்த மனுவில் நான் எதிர்க்கட்சிக்காரன்.

இதனால் அந்தக் குழுவின் பாட்டுகள் எல்லாம் அப்பழுக்கற்றவை என்று நான் சொல்ல வரவில்லை. பிறகு அவற்றை ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், இரவில் உட்கார்ந்து கேட்டேன். சில பாட்டுகள் கோஷத்தோடு நின்றுவிடுகின்றன. இரண்டாம் முறை கேட்கும்போது முதல் முறை தந்ததற்குமேல் தருவதில்லை. சில இடங்களில் கிதாரும் டிரம்மும் சேர்ந்து பறையின் முரட்டு விளிம்பை இழைத்துவிடுகின்றன. அந்த மட்டில் டீக்கடைப் பெரியவர் சொன்னது சரி. ஆனால் இடஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டில் ஒரு கிண்டல் இருக்கிறது. நூறு கூட்டங்களில் நூறு தலைவர்கள் பேசிச் சலித்த விஷயத்தைத் திண்ணைப் பேச்சுப்போல் சொல்லிவிடுகிறது. அதை எழுதியவனை ஓர் எழுத்தாளன் என்ற முறையில் பார்த்துப் பொறாமைப்பட்டேன். இசைவாணியின் குரலைப் பற்றி என் மனைவி சொன்னதற்கு மேல் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கானா என்பது ஆண்கள் சொத்து என்றிருந்த உலகத்தில் அந்தக் குரல் தனியாக நின்றது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

இதுவரையில் சொன்னது ஒரு ரசிகனின் அபிப்பிராயம். ஆனால் நான் சொல்ல வேண்டியது இன்னும் இருக்கிறது.

எனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமத்தில் என் தாத்தா காலமானார். பறையடிக்க நாலு பேர் வந்தார்கள். வாசலுக்கு வெளியே, பூவரச மரத்தடியில் நின்றார்கள். சாயங்காலம் ஆரம்பித்து, விடிந்து பாடை எடுக்கிற வரையில் அடித்தார்கள். நடுவே வைக்கோலைக் கொளுத்திப் பறையை அனலில் காட்டினார்கள். அந்த வெளிச்சம் எனக்குத் திருவிழாபோல் இருந்தது. நள்ளிரவில் அவர்களுக்குக் காப்பி கொடுக்கச் சொல்லி என் பாட்டி என்னை அனுப்பினாள். "மேலே படாம, தூக்கி ஊத்துடா" என்று சொல்லித்தான் அனுப்பினாள். அவர்கள் தங்கள் குவளைகளைக் கீழே வைத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். நான் எக்கி நின்று, செம்பை உயரப் பிடித்து ஊற்றினேன். பாதி மண்ணில் சிந்தியது. அவர்களில் ஒருவர், "போதும் தம்பி, கையைச் சுட்டுக்கப் போற" என்றார்.

இத்தனை வருஷமாக நான் இதை நினைக்கவே இல்லை. கதைகள் எழுதியிருக்கிறேன், அவற்றில் ஏழைகள் வந்திருக்கிறார்கள், அநியாயங்களைக் கண்டு கொதித்திருக்கிறேன். ஆனால் அந்தச் செம்பு எந்தக் கதையிலும் வரவில்லை. ரயிலில் அந்தப் பாட்டைக் கேட்டபோது என் காது சங்கடப்பட்டதன் காரணம், கிதாரும் அல்ல, பிரசாரமும் அல்ல. அந்த அடி எனக்குத் தெரிந்த அடி. அது மரத்தடியில் இருந்தவரையில் நான் அதைக் கேட்டேன். மேடையில் சூட்டுப் போட்டுக்கொண்டு வந்து நின்றவுடன், "இது சங்கீதமா?" என்று கேட்டேன்.

ஆவடியில் 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடி, சோஷலிச பாணிச் சமுதாயம் அமைப்பதென்று தீர்மானம் செய்தது. இந்தப் பிரதேசத்துக்குப் பெருமை தந்த தீர்மானம் அது. அதற்குப் பின் டாங்கித் தொழிற்சாலை வந்தது. அம்பத்தூரில் தொழிற்பேட்டை வந்தது. பல ஜாதிப் பிள்ளைகள் ஒரே யந்திரத்தின் முன் நின்றார்கள். ஒரே ரயிலில் நசுங்கினார்கள். அதெல்லாம் பொய்யல்ல. ஆனால் தீர்மானம் நிறைவேறி முப்பது வருஷம் கழித்து, அந்தப் பந்தலிலிருந்து வெகு தூரமில்லாத ஊரில், ஓர் ஒன்பது வயதுப் பையன் செம்பைத் தூக்கிப் பிடித்து நின்றான். தீர்மானம் அவன் கை வரைக்கும் வந்து சேரவில்லை.

சில நாள் கழித்து அதே பையனை மறுபடியும் வண்டியில் பார்த்தேன். நானாகவே பேச்சை எடுத்தேன். "அன்றைக்கு நான் சொன்னது உனக்குத் தப்பாகப் பட்டதா?" என்று கேட்டேன்.

"தப்பு இல்ல சார். எங்க பெரியப்பா பறை அடிப்பாரு. எத்தினி ஊருக்குப் போயிருக்காரு! இது சங்கீதமா இல்லையான்னு ஒருத்தரும் அவர்கிட்ட கேட்டதில்ல. இப்பத்தான் கேக்க ஆரம்பிச்சிருக்கீங்க. அதான் சிரிச்சேன்."

"பெரியப்பா எந்த ஊர்?"

ஊரின் பெயரைச் சொன்னான். பூந்தமல்லிக்கு மேற்கே, எங்கள் தாத்தா ஊருக்கு மூன்றாவது ஊர். அவர் காலமாகிப் பல வருஷம் ஆகிறதாம்.

நான் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். வண்டி வில்லிவாக்கத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. அவன் காதுக் கருவியில் ஒன்றைக் கழற்றி, இந்தத் தடவை ஒன்றும் சொல்லாமல், என்னிடம் நீட்டினான். சென்டிரல் வரையில் நான் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை.