கேழ்வரகு உருண்டையும் பேரில்லாத மீனும்

நூத்தம்பது வருசமா ஒரு மீனைத் தூண்டில் போட்டுப் பிடிக்கிறாங்க, பக்கத்துல நின்னு படம் எடுத்துக்கிறாங்க, புத்தகம் எழுதுறாங்க. ஆனா அதோட அறிவியல் பேர் என்னன்னு உறுதியானது 2018லதான். நம்ம காவிரியில வாழுற கூன்முதுகு மஹ்சீரைத்தான் சொல்றேன்.

கெண்டைக் குடும்பம்தான். ஆனா குழம்புக்கு வாங்குற கெண்டைன்னு நெனச்சுடாதீங்க. மைசூர்ல வேட்டை விலங்குகளைப் பாடம் பண்ற தொழில் செஞ்ச வான் இங்கன் குடும்பத்துல ஒருத்தர் 1946ல பிடிச்ச மஹ்சீர் 120 பவுண்டு. அதாவது 54 கிலோ. (காலேஜ் முடிக்கும்போது நானே அவ்ளோதான் இருந்தேன்!)

இதுக்கெல்லாம் பிள்ளையார் சுழி போட்டவங்க வெள்ளைக்காரங்க. மதராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த எச்.எஸ். தாமஸ் 1873லயே 'தி ராட் இன் இந்தியா'ன்னு தடிமனா ஒரு புத்தகம் போட்டார். அவங்க ஊரு சால்மனை விட மஹ்சீர்தான் நல்லா மல்லுக்கட்டும்ங்கிறது அவர் கட்சி. அவங்க கிளம்பினப்புறம் ஆத்துல வெடி போட்டு மீன் அள்ளுறது அதிகமாகி, இந்தப் பெரிய மீனெல்லாம் இன்னும் இருக்கான்னே வெளிநாட்டுல சந்தேகம் வந்துடுச்சு. 1970களோட கடைசியில இங்கிலாந்துலேர்ந்து மூணு பேர் தேடி வந்து, காவிரியில 90 பவுண்டுக்கு மேல ஒரு மீனைப் பிடிச்சுக் காட்டினாங்க. திரும்பவும் கூட்டம் வர ஆரம்பிச்சது.

அப்படி உருவானதுதான் சிவசமுத்திரத்துக்கும் மேகதாட்டுக்கும் நடுவுல, காவிரிக் கரையில இருந்த பீமேஸ்வரி, காலிபோரே, தொட்டமாகளி முகாம்கள். கர்நாடக அரசோட ஜங்கிள் லாட்ஜஸ் நடத்துச்சு. சட்டம் ஒண்ணே ஒண்ணு: பிடிச்ச மீனை எடை பாத்து, நோட்டுல எழுதிட்டு, உயிரோட திரும்ப விடணும்.

ஒவ்வொரு விருந்தாளிக்கும் கூடவே ஒரு வழிகாட்டி. அவங்களுக்குப் பேரு 'கில்லி'. நம்ம விஜய் படம் இல்லீங்க, ஸ்காட்லாந்துல மீன் பிடிக்கிற துரைமாருக்குத் துணைக்குப் போற ஆளைக் குறிக்கிற சொல்லு :-) ஆனா நம்ம ஆளுங்களும் நெசமாவே கில்லிதான். நிறையப் பேர் அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க. அதுல சில பேர் முன்னாடி திருட்டுத்தனமா மீன் பிடிச்சவங்க. ஆத்துல எந்தப் பாறைக்குக் கீழ எவ்ளோ ஆழம்னு அவங்களை விட யாருக்குத் தெரியும்?

இரை என்ன தெரியுமா? கேழ்வரகுக் களி! மாவை வேகவச்சு, கெட்டியாப் பிசைஞ்சு, வாசனைக்கு மசாலா சேத்து, எலுமிச்சம்பழ அளவுக்கு உருட்டி முள்ளுல பொதிவாங்க. லண்டன்லேர்ந்து வர்ற ஆளு ஆயிரக்கணக்குல செலவு பண்ணி வாங்கின ராடும் ரீலும் கடைசியில நம்ம பாட்டி களியை நம்பித்தான். நரம்புல ஈயத்தைச் சும்மா சுத்தி விடுவாங்க. பாறை இடுக்குல மாட்டினா ஈயம் மட்டும் கழண்டுக்கும், மீன் தப்பாது. பொடி மீனுங்க உருண்டையைக் கொறிக்கும்போது நரம்பு 'டொக் டொக்'குனு ஆடும். புதுசா வந்தவர் துள்ளி எழுவார். கில்லி அசைய மாட்டார். பொடிசுங்க தொல்லை தாங்கலைன்னா களியை விட்டுட்டு நண்டு. மஹ்சீர் எடுத்தா ஒரே இழுப்பு, நரம்பு பாட்டுக்கு ஓடும். அப்புறம் பரிசல்ல ஏறித் துரத்த வேண்டியதுதான்.

பருவமும் முக்கியம். தென்மேற்குப் பருவமழையில ஆறு செவசெவன்னு போகும்போது தூண்டில் போட்டு ஒண்ணும் பிரயோஜனமில்ல. தண்ணி வடிஞ்சு தெளிஞ்சப்புறம், தை மாசத்துலேர்ந்து பங்குனி வரைக்கும் நல்ல நேரம். வெயில் ஏற ஏற, தண்ணி சலசலன்னு பாய்ஞ்சு மடுவுல விழுற எடத்துக்கு மீன் வந்துடும், அங்கதான் ஆக்ஸிஜன் அதிகம். இதுல ஒரு கூத்து, மேல அணையில தண்ணி திறந்தா ஒரே ராத்திரியில மட்டம் ஏறி எல்லாக் கணக்கும் தப்பிடும். காவிரித் தண்ணி திறக்கிறது நமக்கு நல்ல சேதி, அன்னிக்குத் தூண்டிலோட உக்காந்தவருக்கு இல்ல.

இப்ப அந்த நோட்டுக்கு வருவோம். 1998லேர்ந்து 2012 வரைக்கும் காலிபோரேயில எழுதி வச்ச கணக்கு, 6 ஆயிரத்துக்கும் மேல மீன்கள். எங்க தொழில்ல சர்வர் படுத்தப்புறம்தான் லாக் ஃபைலைத் திறப்போம், இங்கயும் அதே கதை. ஆராய்ச்சியாளர்கள் அதை அலசி 2015ல கட்டுரை போட்டாங்க. மீனோட எண்ணிக்கை ஏறியிருக்கு. சராசரி எடை குறைஞ்சிருக்கு. ஏன்னா கூன்முதுகு குறைஞ்சுக்கிட்டே வர, நீலத்துடுப்பு மஹ்சீர்னு வேற ஒரு இனம் அந்த எடத்தைப் பிடிச்சிருக்கு.

அது எங்கேர்ந்து வந்துச்சு? மஹ்சீரைக் காப்பாத்தணும்னு லோனாவாலாவுல டாடா பவர் பண்ணையில குஞ்சு பொரிச்சாங்க. அந்த இனத்தைக் காவிரியிலயும் கொண்டாந்து விட்டாங்க. எல்லாம் ஒரே மஹ்சீர்தானேன்னு நெனச்சதுதான் வினை. கெட்ட எண்ணம் யாருக்கும் இல்ல. அதுதான் எனக்கு ரொம்ப உறுத்துது.

முகாம்கள் இருந்தது காவிரி வனவிலங்கு சரணாலயத்துல. தூண்டில் போடுறதும் 1972 வனவிலங்குச் சட்டப்படி வேட்டைதான்னு 2012ல நிறுத்திட்டாங்க. சட்டப் புத்தகத்தை மட்டும் பாத்தா நியாயம்தான். ஆனா வெடி போடுறவன் ரூல்ஸ் பாத்து வர்றதில்லையே! ஆத்தோரம் பகல்பூரா கண்ணு வச்சிருந்த ஆளுங்களோட பொழப்பும் போச்சு, நோட்டும் மூடிடுச்சு. வேலியைப் பிடுங்கிட்டுப் பயிரைக் காக்குற கதைன்னுதான் எனக்குப் படுது.

2018ல கூன்முதுகோட மரபணுவைச் சோதிச்சு, அது டோர் ரேமாதேவிதான்னு உறுதி பண்ணாங்க. கேரளாவுல பாம்பாறுல கிடைச்ச சின்ன மீன்களை வச்சு ஏற்கெனவே இட்டிருந்த பேரு அது. பாம்பாறு நம்ம அமராவதியில சேருற ஆறு. மீன் ஆய்வாளர் ரேமா தேவியோட ஞாபகமா வச்சது. அதே வருசம் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தோட பட்டியல்ல, அழிவுக்கு ஒரு படி முன்னாடி இருக்கிற வகையில சேத்தாங்க. சோதனைக்கு மீன் கிடைச்சது அந்தப் பழைய முகாம்கள் பக்கம் இல்ல. நீலகிரி அடிவாரத்துல, நம்ம மாயாத்துல.