வந்தியின் பங்கு

வெள்ளத்தைத் தருவது மழை. அது வடிந்த பின் கிடக்கும் சேற்றை அகற்றுதல் மக்கள் கடன். வெள்ளத்தின் பெருமையைப் பாடிய புலவர் பலர். சேற்றை வாரினார் துன்பத்தை எண்ணினார் சிலரே. உடைந்த கரைக்கு மண் சுமப்பவர் யாவர், அச்சுமையைப் பலரும் எவ்வாறு பகுத்துக்கொள்வது என்னும் வினா நம் நாட்டில் மிகப் பழையது. அதற்கு முன்னோரும் பின்னோரும் கண்ட விடைகளை ஒருவாறு ஆராய்வோம்.

உடுமலைப்பேட்டைப் பகுதியில் வாழ்வார்க்கு இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. திருமூர்த்தி மலையடிவாரத்தில் அமணலிங்கேசுவரர் திருக்கோயில் ஓடைக்கு அருகிலேயே அமைந்துள்ளது. பஞ்சலிங்க அருவிக்கு மேலுள்ள காட்டில் பெருமழை பெய்தால், அடிவாரத்தில் துளி விழாத பொழுதிலும், வெள்ளம் இறங்கிக் கோயிலைச் சூழ்ந்துகொள்ளும். நீர் வடிந்ததும் மணலும் கல்லும் முறிந்த மரக்கிளைகளும் முன்றிலில் குவிந்து கிடக்கும். அவற்றை வாரிக் கழுவிய பின்னரே வழிபாடு முன்போல் நடைபெறும். இஃது ஆண்டுதோறும் பலமுறையும் நேரக்கூடியது.

இனி, இப்பகுதியை வளப்படுத்தும் அமராவதியை நோக்குவோம். சங்கச் செய்யுட்களில் ஆன்பொருநை எனப் பெயர் பெற்றது இவ்வாறே. 1957-இல் அணை எழுந்தது. அதற்கு நெடுங்காலம் முன்னரே கல்லாபுரம், குமரலிங்கம், சோழமாதேவி, கணியூர், கடத்தூர், காரத்தொழுவு முதலிய ஊர்களின் பெயரால் வழங்கும் பழைய இராசவாய்க்கால்கள் வயல்களுக்கு நீர் ஊட்டின. ஆறு பெருகி வடியுந்தோறும் வாய்க்காலின் தலைப்பில் மணல் மேடிடும். அதனை வாராது விட்டால் நீர் ஏறாது. தலைமடையார் சோம்பினால் கடைமடையார் வயல் காயும். ஒருவர் தவறு மற்றொருவர் பசியாக முடிதலின், இத்தகைய பணி ஊரார் யாவரும் கூடிச் செய்தற்குரியதாயிற்று. இதனையே பிற்காலத்தார் குடிமராமத்து என்றனர். மராமத்து என்பது அரபுமொழியிலிருந்து வந்த சொல். சொல் பிறிதாயினும் வழக்கம் நம்முடையதே.

இவ்வழக்கம் பழைமையுடைத்து என்பதற்குச் சான்றுகள் பல. கரிகாலன் காவிரிக்குக் கரை கண்ட செய்தியை இராசேந்திர சோழன் காலத்துத் திருவாலங்காட்டுச் செப்பேடும் நினைவுகூர்கின்றது. முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட உத்தரமேரூர்க் கல்வெட்டுக்கள், ஏரியைப் பேணுதற்கு ஏரி வாரியம் என்னும் குழு குடவோலையால் அமைக்கப்பட்டமையைக் கூறும். முன்னர் வாரியஞ் செய்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படுதற்கு உரியரல்லர் என்றும் அவை விதிக்கின்றன. பொதுப்பணியில் உழைப்பு எத்துணை வேண்டுமோ அத்துணைக் கணக்கும் வேண்டும் என்பதை அக்காலத்தார் நன்கு உணர்ந்திருந்தனர்.

ஆயினும், உழைப்பைப் பகுக்குமிடத்து எழும் இடர்ப்பாட்டை நம் நூல்களுள் மிகத் தெளிவாகக் காட்டுவது திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலமே. பரஞ்சோதி முனிவர் இதனை அறுபத்தொன்றாம் திருவிளையாடலாக வைத்தார். இச்செய்தி மணிவாசகப் பெருமான் வாக்கிலும் குறிக்கப்படுதலின், அந்நூலினும் மிக முற்பட்டது என்பது தெளிவு.

வையை பெருகிக் கரையை உடைத்தது. பாண்டியன் கரையை அளந்து, குடிதோறும் பங்கிட்டு அடைக்குமாறு பணித்தான். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்னும் முதியாளுக்கும் ஒரு பங்கு விழுந்தது. அவளுக்குக் கணவனில்லை, மகவில்லை, கூலிக்கு ஆளுமில்லை. அந்நிலையில் பெருமானே கூலியாளாக வந்து, உதிர்ந்த பிட்டைக் கூலியாகப் பெற்று, மண் சுமந்தான். ஆடினான், பாடினான், உறங்கினான். அவள் பங்கு அடைபடாமை கண்ட மன்னன் பிரம்பால் அடித்தான். அவ்வடி எல்லா உயிர்மேலும் பட்டது. கொட்டிய ஒரு கூடை மண்ணால் கரை உயர்ந்தது.

இவ்வரலாற்றைப் பத்தியின் பெருமைக்கே எடுத்துக்காட்டுவது வழக்கம். அது தக்கதே. ஆனால் இதனுள் ஊராட்சி முறை பற்றிய நுட்பமும் உண்டு. குடிதோறும் பங்கு என்பது பார்வைக்கு நடுநிலையுடையது. எனினும், ஆளும் பொருளும் உடைய வீட்டிற்கும் ஒன்றுமில்லாத கிழவி வீட்டிற்கும் ஒரே கோல் கொண்டு அளத்தல் நீதியாகுமோ? மன்னன் கரையை அளந்தான், குடியை அளந்தானல்லன். மற்றொன்றும் கருதற்பாலது. வந்தி தன் பங்கினைத் தள்ளிவிடுமாறு வேண்டினாளல்லள். ஊரில் தானும் ஒருத்தி என்னும் உரிமையை அவள் விடவில்லை. தன் பங்கைச் செய்து முடிக்க ஒரு துணையே அவளுக்கு வேண்டியிருந்தது.

பிறநாட்டு வழக்கொன்றை ஈண்டு ஒப்பு நோக்குதல் நலம். கடலோடு போராடி நிலங் காத்த பிரீசிய நாட்டிலும் அதனை அடுத்த கரையோர நாடுகளிலும், இடைக்காலத்தில், கடற்கரணை நில உடையார்க்குள் அளந்து பங்கிட்டிருந்தனர். தன் பங்கைப் பேண இயலாதவன் தன் மண்வெட்டியைக் கரையில் நட்டுவிட்டு நிலத்தை விட்டு நீங்க வேண்டும். அம்மண்வெட்டியைப் பிடுங்கியவனுக்கு நிலமும் உரியது, கடனும் உரியது. இதற்கு மண்வெட்டிச் சட்டம் என்றே பெயர். கரை ஓரிடத்தில் உடைந்தாலும் ஊர் முழுதும் அழியுமாதலின் அவர்கள் அவ்வாறு விதித்தனர். ஆனால் அங்கே மண்வெட்டியை எடுத்தவன் நிலத்தையும் எடுத்தான். வந்தியின் கூடையை எடுத்தவனோ அவள் வீட்டைக் கேட்கவில்லை, பிட்டையே கேட்டான். இரண்டிற்கும் உள்ள வேறுபாடு பெரிது.

ஆங்கிலேயர் ஆட்சியில் இப்பணி சட்டத்துள் புகுந்தது. சென்னை மாகாணத்தின் 1858-ஆம் ஆண்டு முதற் சட்டம், வெள்ளக் கேட்டைத் தடுத்தற்குக் கட்டாய உழைப்பை வாங்கலாம் என்றது. ஏரிக்கரையோ ஆற்றங்கரையோ உடையுந் தறுவாயில், அண்மையிலுள்ள உழைப்பாளி வகுப்பைச் சேர்ந்த உடல் வலியுள்ள ஆடவரை அழைக்கலாம், அவர்க்கு அவ்வட்டாரத்தின் உயர்ந்த கூலி தரல் வேண்டும், மறுப்பார் தண்டனைக்குரியர். வழக்கப்படி செய்ய வேண்டிய குடிமராமத்தைக் காரணமின்றிச் செய்யாதவன் அவ்வுழைப்பின் மதிப்பைப் போல் இருமடங்கு செலுத்த வேண்டும் என்றும் அது விதித்தது. கூலி தந்தமை நன்று. ஆனால் நெருக்கடியில் மண் சுமப்பவர் உழைப்பாளி வகுப்பினரே என்று ஏட்டில் எழுதப்பட்டது இங்கே நோக்கத்தக்கது. வெள்ளம் யாவர்க்கும் பொது. மண் மட்டும் சிலர் தலைக்கு உரியதாயிற்று.

சைவப் பெரியோர் காட்டிய நெறி வேறு. திருநாவுக்கரசர் சொல்வேந்தராயினும் கையில் உழவாரம் ஏந்தினார். திருப்புகலூரில் அவர் பணிசெய்த இடத்தில் பொன்னும் மணியும் கிடந்து ஒளிர, அவற்றையும் கல்லோடு சேர்த்து வாரிக் குளத்தில் எறிந்தார் என்பது பெரியபுராணச் செய்தி. திருவாரூரில் தண்டியடிகள் பிறவியிலேயே கண் காணாதவர். குளத்தின் பரப்புக் குறைந்தமை அறிந்து, தறி நட்டுக் கயிறு கட்டி, அக்கயிற்றைத் தடவிச் சென்று மண் கல்லிச் சுமந்தார். 1858-ஆம் ஆண்டுச் சட்டம் தண்டியடிகளை அழைத்திராது, வந்தியையும் அழைத்திராது. நம் புராணங்களோ கரைப்பணிக்கும் குளப்பணிக்கும் இவ்விருவரையே முன்னிறுத்துகின்றன.

இக்காலத்து நிலை யாது? 2015-ஆம் ஆண்டு திசம்பர்த் திங்களில் சென்னை வெள்ளத்தில் ஆழ்ந்தது. இளைஞர் பலர் தாமே முன்வந்து உணவு சுமந்தனர். ஆனால் தெருவில் மலையாகக் குவிந்த குப்பையையும் சேற்றையும் அகற்றுதற்கு வெளி மாவட்டங்களிலிருந்தும் துப்புரவுப் பணியாளர் வருவிக்கப்பட்டனர். 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்னும் பெயரை மீட்டு, பாசனக் குடிகளின் பங்கோடு ஏரி, வாய்க்கால்களைச் சீர்செய்யும் திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டது போதாது. அதன் உள்ளுறையும் மீளல் வேண்டும்.

அவ்வுள்ளுறை இதுவே. வெள்ளம் வடிந்த ஊரில் எவ்வீட்டிற்கும் ஒரு பங்கு உண்டு. எவரும் தம் பங்கிற்குப் பிறனொருவன் தலையைக் காட்டித் தாம் ஒதுங்குதல் தகாது. பங்கு ஆற்றலுக்கு ஏற்றதாதல் வேண்டும். சேறு ஈரமாயிருக்கும்போதே வாரப்பட வேண்டியது. காய்ந்தபின் அது கல்லாகும். ஆதலின், கிழவியும் நோயாளியும் வாழும் வீட்டை முதலில் தேடிச் செல்லுதல் முறை. கிணற்றை இறைத்துத் தூய்மை செய்வதும் செத்த விலங்குகளைப் புதைப்பதும் யாரோ ஒரு வகுப்பாரின் பிறவித் தொழில் என்று எண்ணுதல் பெரும்பிழை. அதனைச் செய்வார்க்குக் கூலியும் காப்பும் மதிப்பும் குறைவற அளித்தல் வேண்டும். ஏனையோரும் அவரோடு நின்று ஒரு கூடையேனும் சுமத்தல் வேண்டும்.

மதுரையில் ஆவணி மூலத்தன்று பிட்டுத் திருவிழா ஆண்டுதோறும் நிகழ்கின்றது. மண் சுமந்த கோலத்தைக் கண்டு கை குவிக்கின்றோம். அக்கோலத்தை வணங்குவோர், வீதியில் மண் சுமந்து வரும் கூலியாளைக் கண்டு விலகி நடத்தல் தகுமோ? அவன் முதுகில் பட்ட அடி எல்லார் முதுகிலும் படும் என்பதன்றோ அவ்விளையாடலின் முடிபு. அன்பர்கள் சிந்திப்பாராக.