பாலை வழியில் ஏழு நாட்கள்

பயணம் என்பது புறப்படுமுன்னரே தொடங்கிவிடுகின்றது. தேசப்படத்தை மேசைமீது விரித்து, இன்ன நாள் இன்ன ஊர், இன்ன இடத்தில் இராத்தங்கல் என்று குறித்துக்கொள்ளும்பொழுதே பயணத்தின் ஒரு பகுதி நிறைவேறிவிடுகின்றது. செல்லும் நிலம் பாலையாயின் அக்குறிப்பே உயிர் காக்கும் துணையும் ஆகும். ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்கிலே, நெவாடா, அரிசோனா, யூட்டா ஆகிய மாநிலங்களில் ஒரு கிழமை மோட்டார் வண்டியிற் செல்ல எண்ணுவோர் எவ்வாறு திட்டம் வகுத்தல் வேண்டும் என்பதையும், அவ்வழியே முன்னர்ச் சென்றோர் எவ்வாறு வகுத்தனர் என்பதையும் இன்று ஒருங்கே நோக்குவோம். பின்னையது தெரியாதவர்க்கு முன்னையது முற்றும் விளங்காது.

முதலில் நிலத்தின் அளவை மனத்திற் கொள்ளல் வேண்டும். அரிசோனா மாநிலம் ஒன்றே நம் இலங்கையைப் போல நான்கு மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. லாஸ் வேகஸ் நகரிலே ஆண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய நான்கு அங்குலமே. நம் நாட்டிலே மாரிக்காலத்தில் ஒரே பகலில் அவ்வளவு மழை கொட்டிவிடுவதுண்டு. அங்கே அதனைக் கொண்டு ஓராண்டை ஓட்டுதல் வேண்டும்.

இனி வழி. லாஸ் வேகஸிற் புறப்பட்டு, ஹூவர் அணையைக் கடந்து, முதல் நாள் இரவு வில்லியம்ஸ் என்னும் சிற்றூர்; இரண்டாம் நாள் கிராண்ட் கன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கு; மூன்றாம் நாள் நினைவுத்தூண்களைப் போன்ற பாறைகள் நிற்கும் மொனுமென்ட் பள்ளத்தாக்கு; நான்காம் நாள் கன்யன் டி ஷே; ஐந்தாம் நாள் கொலராடோ ஆற்றங்கரையிலுள்ள பேஜ்; ஆறாம் நாள் சயன்; ஏழாம் நாள் மீண்டும் லாஸ் வேகஸ். எல்லாமாக ஆயிரம் மைலுக்குச் சற்று மேற்படும். இளவேனிலும் இலையுதிர் காலமும் இப்பயணத்திற்கு ஏற்றவை.

லாஸ் வேகஸ் என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் புல்வெளிகள் என்பது பொருள். இன்று மின்விளக்குக்கும் சூதாட்டத்திற்கும் பெயர்போன அவ்விடத்தில் முன்னொரு காலத்தில் இயற்கை ஊற்றுகள் பொங்கிப் புல்லை வளர்த்தன. 1829ஆம் ஆண்டு முதல், நியூ மெக்சிக்கோவிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கோவேறு கழுதைகளிற் சென்ற வணிகர்கள் அவ்வூற்றுகளை நம்பியே வழி வகுத்தனர். நகரம் பெருகி நிலத்தடி நீரை இறைத்தது. 1962ஆம் ஆண்டளவில் ஊற்றுகள் வற்றின. ஊருக்குப் பெயர் தந்த நீர் போயிற்று. பெயர் மட்டும் நின்றது. இப்பயணத்தின் முதற் பாடம் புறப்படும் இடத்திலேயே கிடைத்துவிடுகின்றது.

கிங்மன் என்னும் ஊரை அடைந்ததும் பழைய 66ஆம் இலக்க நெடுஞ்சாலை எதிர்ப்படும். இதன் வரலாறு சுவையானது. 1857ஆம் ஆண்டிலே எட்வர்ட் பீல் என்பவர் அரசாங்கக் கட்டளைப்படி இப்பகுதியில் வண்டிப்பாதை அமைக்கப் புறப்பட்டபொழுது, சுமை தூக்க ஒட்டகங்களையும் கொண்டுசென்றார். அவை மத்தியதரைக் கடலுக்கு அப்பாலிருந்து கப்பலேற்றி இறக்கப்பட்டவை. அவற்றுடன் வந்த பாகர்களுள் ஹாஜி அலி என்பவரும் ஒருவர். நாவில் நுழையாத அப்பெயரை அமெரிக்கர் ‘ஹை ஜொலி’ ஆக்கினர். 1902இல் இறந்த அவரது கல்லறைமீது ஒட்டக உருவம் ஒன்று இன்றும் நிற்கின்றது. ஒட்டகங்கள் நன்றே உழைத்தன. ஆயினும் 1861இல் உள்நாட்டு யுத்தம் மூண்டதும் அம்முயற்சி கைவிடப்பட்டது. பீலின் பாதையை ஒட்டி 1883இல் புகையிரதப் பாதை நிறைவெய்தியது. நீராவி இயந்திரத்துக்கும் தாகம் உண்டன்றோ? அது நீர் குடிக்க நின்ற இடங்கள் ஊர்களாயின. அவ்வூர்களைத் தொடுத்து 1926இல் 66ஆம் இலக்கச் சாலை வகுக்கப்பட்டது. ஒட்டகத்தின் வழியே இயந்திரமும், இயந்திரத்தின் வழியே மோட்டார் வண்டியும் சென்றன. மூன்றுக்கும் வழி காட்டியது தண்ணீர்.

1930களில் வறட்சியாலும் புழுதிப் புயலாலும் நிலம் இழந்த உழவர்கள் இச்சாலை வழியே கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தனர். கித்தான் நீர்ப்பையை வண்டியின் முன்புறம் தொங்கவிட்டு, மொஹாவே பாலையைப் பகல் வெயிலுக்கு அஞ்சி இரவிற் கடந்தவர் பலர். வேறு சிலருக்கோ நீரும் பெற்றோலும் மாத்திரம் போதியனவாய் இருந்தில. கறுப்பின மக்களுக்குப் பல ஊர்களில் விடுதி இடங்கொடாது. உணவுச்சாலை கதவு திறவாது. பொழுது சாய்ந்தபின் ஊரெல்லையுள் நிற்பதே ஆபத்தாகும். ஆகவே விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் நியூ யோர்க் தபாற்காரர், அவர்களை ஏற்கும் விடுதிகளையும் கடைகளையும் தேடித் தொகுத்து 1936இல் ஒரு கையேடு வெளியிட்டார். முதலில் நியூ யோர்க் பகுதியை மட்டும் கூறிய அது பின்னர் நாடெங்கும் விரிந்தது. விடுதிகளில் நிறவேற்றுமை காட்டுதலை 1964ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியது. மூன்றாண்டுகளுள் அக்கையேட்டின் வெளியீடும் நின்றது. பயணத் திட்டம் என்பது யாவர்க்கும் ஒரே பொருளுடையதன்று என்பதற்கு அச்சிறு நூலே சான்று. 66ஆம் இலக்கச் சாலை 1985இல் அரச நெடுஞ்சாலைப் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. எனினும் கிங்மன் முதல் செலிக்மன் வரையில் அதன் பழைய வழியே இன்றும் செல்லலாம்.

இரண்டாம் நாள் பெரும் பள்ளத்தாக்கின் தென்கரை. 277 மைல் நீளமும் ஏறக்குறைய ஒரு மைல் ஆழமும் உடைய அதனைக் கண்ட முதல் ஐரோப்பியர் 1540ஆம் ஆண்டில் வந்தனர். பொன் நகரங்களைத் தேடிய கொரொனாடோவின் படையினின்றும் பிரிந்து, கார்தெனாஸ் என்னும் தலைவர் சிறு கூட்டத்துடன் ஹொபி மக்களை வழிகாட்டிகளாகக் கொண்டு விளிம்பை அடைந்தார். கீழே ஓடிய ஆறு மேலிருந்து நோக்க ஓர் ஓடைபோலவே தோன்றியது. மூவர் இறங்க முயன்று, மூன்றிலொரு பங்கு சென்று, மாலையில் மீண்டனர். மேலிருந்து ஆளுயரமாகத் தோன்றிய பாறைகள் செவில் நகரத் தேவாலயக் கோபுரத்தினும் உயர்ந்தவை என்று அவர்கள் கூறினர். ஹொபி மக்கள் உப்புக்காக அப்பள்ளத்தாக்கினுள் இறங்கும் வழிகளை அறிந்தவர்கள். அவற்றை அவர்கள் காட்டவில்லை. காலடியிலே பேராறு ஓடவும், குடிக்க நீரின்றி அக்கூட்டம் திரும்பிற்று.

அப்படையிற் சென்ற ஒருவர் எழுதிவைத்த வரலாற்றில் ஒரு செய்தி உண்டு. மேலும் சென்றால் மூன்று நான்கு நாட்களுக்கு நீர் கிடையாது என வழிகாட்டிகள் தடுத்தனராம். தாம் அந்நிலத்தைக் கடக்கும்பொழுது, சுரைக் குடுவைகளில் நீர் சுமந்த பெண்களை உடன் அழைத்துச் செல்வதாகவும், திரும்பும்பொழுது குடிப்பதற்கென அக்குடுவைகளை வழியிலே புதைத்துவைப்பதாகவும் அவர்கள் கூறினராம். நேயர்களே, பாலைப் பயணத் திட்டத்தின் சாரம் முழுவதும் இவ்வொரு வழக்கத்தில் அடங்கியிருக்கின்றது. போகும் வழிக்கு நீர் தேடுவது தாகம். திரும்பும் வழிக்கு நீர் வைப்பது அறிவு.

இன்று அங்கே செல்வோர்க்கும் இதுவே விதி. மலையேறுவோன் களைத்தபின் இறங்குகின்றான். பள்ளத்தாக்கிலோ முதலில் எளிதாக இறங்கி, களைத்தபின், உச்சி வெயிலில் ஏறுதல் வேண்டும். ஏறுதற்கு வேண்டிய நீரையும் வலிமையையும் மிச்சம் வையாதவர்கள் ஆண்டுதோறும் இடர்ப்படுகின்றனர்.

மூன்றாம் நாள் கிழக்கு நோக்கிச் சென்றால் ஹொபி, நவஹோ மக்களின் நிலம். இங்கே கடிகாரத்தையும் கவனித்தல் வேண்டும். கோடையில் அரிசோனா மாநிலம் கடிகாரத்தை முன்தள்ளி வைப்பதில்லை. நவஹோ நாடு முன்தள்ளுகின்றது. அதன் நடுவே அமைந்த ஹொபி நிலம் தள்ளுவதில்லை. ஒரு மணித்தியாலத்தில் மும்முறை நேரம் மாறினும் வியப்பில்லை. ஹொபி உழவர் வாய்க்காலை நம்பாமல், சோள விதையை ஆழப் புதைத்து, மண்ணின் அடியிலுள்ள ஈரத்தைக் கொண்டே பயிர் விளைவிப்பர். 1939இல் வெளிவந்த திரைப்படம் ஒன்றினால் உலகப் புகழ் பெற்ற மொனுமென்ட் பள்ளத்தாக்கை 1958 முதல் நவஹோ மக்களே பூங்காவாகப் பேணி வருகின்றனர்.

நான்காம் நாள் காணும் கன்யன் டி ஷே, அழகோடு துயரையும் காட்டும் இடம். 1864இல் கிட் கார்சன் தலைமையிற் சென்ற படை நவஹோ மக்களின் பயிர்களையும் பீச் மரங்களையும் அழித்தது. பசியால் அடிபணிந்த மக்கள் எண்ணாயிரம் பேருக்கு மேல், நியூ மெக்சிக்கோவின் கிழக்கிலுள்ள பொஸ்கே ரெதொந்தோ முகாமுக்கு முந்நூறு மைலுக்கு மேல் நடத்திச் செல்லப்பட்டனர். இதனை அவர்கள் நெடுநடை என்பர். தளர்ந்து வழியில் வீழ்ந்தோர் பலர். முகாமருகே ஓடிய ஆற்றின் நீர் உவர்நீர், அது நோயைத் தந்தது, பயிரும் பொய்த்தது. நடந்தவர் வகுக்காத, திரும்பும் வழி குறிக்கப்படாத பயணம் அது. எனினும் 1868இல் ஓர் உடன்படிக்கை செய்து அவர்கள் தம் நிலத்துக்கே திரும்பினர். அமெரிக்கப் பூர்வீகக் குடிகளுள் இவ்வாறு திரும்பப்பெற்றோர் மிகச் சிலரே. இன்று அப்பள்ளத்தாக்கின் அடித்தளத்தினுட் செல்ல நவஹோ வழிகாட்டி ஒருவரின் துணை வேண்டும். வரலாறு அறிந்தவர்க்கு அந்நிபந்தனை தடையாகத் தோன்றாது.

ஐந்தாம் நாள் பேஜ். 1776இல் தொமிங்கேஸ், எஸ்கலான்தே என்னும் இரு பாதிரிமார் சாந்தா பே நகரினின்றும் கலிபோர்னியாவுக்கு வழி காணப் புறப்பட்டு, பனிக்கு அஞ்சித் திரும்பினர். கொலராடோ ஆறு குறுக்கிட்டது, உணவு தீர்ந்தது, தம் குதிரைகளையே உண்டனர். ஆழங்குறைந்த துறை ஒன்றைக் கண்டு, விலங்குகள் இறங்கப் பாறையிற் படி வெட்டி, நவம்பர் 7ஆம் நாள் அக்கரை சேர்ந்தனர். 1963இல் கிளென் கன்யன் அணையின் கதவுகள் மூடப்பட்டபின் அத்துறை பவல் ஏரியின் நீருள் மூழ்கிற்று. இவ்வூரின் அருகே கை விரித்தால் இருபுறமும் தொடத்தக்க ஒடுங்கிய பாறைப்பிளவுகள் உள. 1997 ஆகஸ்ட் மாதத்தில், எங்கோ தொலைவிற் பெய்த மழை வெள்ளமாகப் பாய்ந்து அத்தகைய பிளவொன்றினுள் நின்ற பதினொருவரைக் கொன்றது. தலைக்கு மேல் வானம் தெளிந்திருப்பது அங்கே போதிய உறுதியன்று.

ஆறாம் நாள், நவஹோ பாலத்தில் ஆற்றைக் கடக்கலாம். யுத்தத்தில் ஒரு கையை இழந்த ஜோன் வெஸ்லி பவல் 1869இல் நான்கு படகுகளுடன் புறப்பட்டு, இவ்வாற்றின் வழியே பெரும் பள்ளத்தாக்கைக் கடந்தார். அந்நிலத்தின் வளமும் வறுமையும் அவரைப்போல் அறிந்தோர் அக்காலத்திற் சிலரே. 1893இல் லொஸ் ஏஞ்சலீஸில் நடந்த நீர்ப்பாசன மாநாட்டில், உள்ள நிலத்துக்கெல்லாம் போதிய நீர் இல்லை என்று அவர் எச்சரித்தபொழுது சபையோர் கூச்சலிட்டனர். 1922இல் ஏழு மாநிலங்கள் கூடி, ஆண்டுக்கு 150 இலட்சம் ஏக்கர்-அடி நீர் எனக் கணித்து ஆற்றைப் பங்கிட்டன. ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரம் நிற்கும் நீரே ஓர் ஏக்கர்-அடி. மழை மிகுந்த சில ஆண்டுகளின் அளவைக் கொண்டு செய்த கணக்கு அது. பூர்வீகக் குடிகள் எவரும் அப்பங்கீட்டுக்கு அழைக்கப்பட்டிலர். 1944இல் மெக்சிக்கோவுக்கும் 15 இலட்சம் அளிக்க உடன்பட்டனர். இந்த நூற்றாண்டில் ஆறு தந்ததோ அவற்றினும் வெகு குறைவு.

ஏழாம் நாள் திரும்பும்பொழுது ஹூவர் அணையை மீண்டும் ஒருமுறை நோக்குதல் தகும். 1935இல் திறந்துவைக்கப்பட்ட, 726 அடி உயரமுள்ள அவ்வணையின் பின்னே கிடக்கும் மீட் ஏரி, 2022ஆம் ஆண்டுக் கோடையிலே, முதன்முதல் நிரம்பிய காலந்தொட்டுக் காணாத அளவுக்குத் தாழ்ந்தது. நீர் இறங்கிய உயரத்தைக் கரைப்பாறையிற் படிந்த வெண்ணிறப் பட்டை அளந்து காட்டும்.

ஆகவே இப்பயணத்துக்குத் திட்டம் வகுப்போர், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரு கலன் நீர் கொள்க. பெற்றோல் பாதியாகுமுன் நிரப்புக. செல்லும் வழியை வீட்டாரிடம் எழுதிக் கொடுக்க. வண்டி பழுதாயின் அதனை விட்டு நடவாது, அதன் நிழலிலே காத்திருக்க. அவ்வூர் மக்கள் சொல்வதைக் கேட்க. இவை ஐந்தும் சிறு விதிகளே. ஆனால் ஐந்துமே ஒரு கேள்வியிற் பிறந்தவை: திரும்பி வருதற்கு என்ன வைத்திருக்கின்றோம்? சுரைக் குடுவையைப் புதைத்த ஹொபி மக்கள் அக்கேள்வியைப் புறப்படுமுன் கேட்டனர். பேரணை கட்டியவர்களின் வழித்தோன்றல்கள் அதனை இப்பொழுதுதான் கேட்கத் தொடங்கியிருக்கின்றனர்.